தோல் உரியும் வரை: வார்ப்பிரும்புச் சட்டியும் கோஷர் மரபும்



உணவுப் பொட்டலங்களில் அச்சாகியிருக்கும் குறிகளைப் படித்துப் பொருள் கூறும் பயிற்சி ஒன்றைத் தொடக்கநிலை ஐந்து மாணவர்களுக்கு அண்மையில் அளித்திருந்தேன். பெரும்பாலோர் ஹலால் முத்திரையைக் கண்டறிந்து விளக்கினர். ஒரு மாணவி மட்டும் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை நீட்டி, வட்டத்திற்குள் 'யூ' என்னும் ஆங்கில எழுத்து இருக்கிறதே, அது என்ன என்று கேட்டாள். அமெரிக்காவின் ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்னும் யூத அமைப்பின் குறி அது. யூதர்களின் உணவு விதிகளுக்கு ஏற்றது என்பதற்கான அடையாளம். அவ்விதிகளுக்கு ஏற்ற உணவைக் 'கோஷர்' என்பர் என்று விளக்கினேன். அவள் விடவில்லை. "பிஸ்கட்டுக்கு முத்திரை சரி, ஆசிரியரே. அதைச் சுட்ட தட்டுக்கு?" என்றாள்.

அந்த வினாவுக்குப் பின்னால் மூவாயிரம் ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி இருக்கிறது. வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலவில்லை. ஆதலால் இங்கே எழுதுகிறேன். எல்லாப் பாத்திரங்களையும் பற்றி எழுதினால் கட்டுரை நீளும் என்பதால், இவற்றுள் மிகவும் சிக்கலான வார்ப்பிரும்புச் சட்டியை மையமாக வைத்துக்கொள்கிறேன்.

'கோஷர்' என்பது எபிரேயச் சொல்லின் திரிபு. 'தகுதியானது' என்பது அதன் பொருள். பன்றி ஆகாது, இறால், நண்டு ஆகா, இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைத்தல் ஆகாது, உண்ணத்தக்க விலங்கையும் உரிய முறைப்படியே அறுக்க வேண்டும். இவை பலரும் அறிந்தவையே. பலர் அறியாதது பாத்திரத்தைப் பற்றிய கருத்து. சூட்டில் சமைக்கும்போது உணவின் சுவை பாத்திரத்தின் சுவருக்குள் ஏறிவிடுகிறது. அடுத்த முறை சமைக்கும்போது அது வெளியேறி அந்த உணவில் கலக்கிறது என்று யூத அறிஞர்கள் கருதினர். எனவே விலக்கப்பட்ட உணவைச் சமைத்த சட்டி, எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும், அப்படியே பயன்படாது. உள்ளே ஏறியதை வெளியேற்ற வேண்டும். அதற்கான முறைகளின் வரலாறே நம் பொருள்.

தொடக்கம் ஒரு போர்க்களத்தில் இருக்கிறது. எபிரேய வேதமாகிய தோராவின் நான்காம் நூல் எண்ணாகமம். அதன் 31-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர்கள் மீதியானியரை வென்று திரும்புகின்றனர். கொள்ளைப் பொருள்களோடு பாத்திரங்களும் வருகின்றன. அப்போது எலெயாசார் என்னும் குரு போர்வீரர்களுக்கு ஒரு விதியை அறிவிக்கிறார். பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, தகரம், ஈயம் என ஆறு உலோகங்கள் பெயர் சொல்லி எண்ணப்படுகின்றன. நெருப்பைத் தாங்கக்கூடியதை நெருப்பில் இட வேண்டும். தாங்காததைத் தண்ணீரில் இட வேண்டும் என்பதே அவ்விதியின் சாரம். பிற்காலச் சட்டம் முழுவதும் இந்த இரண்டு மூன்று வரிகளிலிருந்தே கிளைத்தது எனலாம்.

மண்பாண்டத்திற்கு இந்த வாய்ப்பு இல்லை. லேவியராகமத்தின் 6-ஆம் அதிகாரம் பலி இறைச்சியைச் சமைத்த பாத்திரங்களைப் பற்றிப் பேசுகிறது. வெண்கலப் பானையாக இருந்தால் துலக்கி அலச வேண்டும். மண்பானையாக இருந்தால் உடைத்துவிட வேண்டும். மண்ணுக்குள் ஏறியது முழுமையாக வெளியேறாது என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்தனர். நம் வீடுகளிலும் தீட்டு நேர்ந்தால் மண்சட்டியை எறிந்துவிட்டுப் பித்தளையைப் புளியிட்டுத் துலக்கி எடுத்துக்கொண்ட வழக்கம் இருந்தது. முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காரணங்கள் வேறு, மண்ணையும் உலோகத்தையும் பற்றிய கணிப்பு மட்டும் ஒன்று.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் காட்சி போர்க்களத்திலிருந்து சந்தைக்கு மாறுகிறது. யூதர் அல்லாதவரிடமிருந்து விலைக்கு வாங்கிய பாத்திரத்தை என்ன செய்வது என்பதே இப்போது வினா. புழங்கும் முறைக்கு ஏற்பத் தூய்மையின் முறையும் மாறும் என்று 'அவோதா சாரா' என்னும் பகுதி விடை தருகிறது. நீரில் முழுக்க வேண்டியவை முழுக்கப்படும். கொதிநீரில் இட வேண்டியவை கொதிநீரில் இடப்படும். இறைச்சியை நேரடியாக நெருப்பில் வாட்டும் கம்பியும் சல்லடைத் தட்டும் நெருப்பிலேயே காய்ச்சப்படும். இவற்றுள் கொதிநீர் முறைக்கு 'ஹகாலா' என்றும், நெருப்பு முறைக்கு 'லிபுன்' என்றும் பெயர். லிபுன் என்றால் வெண்மையாக்குதல். இரும்பு பழுத்து ஒளிரும் நிலையைக் குறிக்கும் சொல். எந்த வழியில் சுவை உள்ளே சென்றதோ அந்த வழியிலேயே அது வெளியே வரும் என்பது இவற்றின் அடிப்படை. நீரோடு சென்றது நீரோடு வரும். நெருப்பால் சென்றது நெருப்பால்தான் வரும்.

கி.பி. 500-ஐ ஒட்டி உருப்பெற்ற பாபிலோனியத் தல்மூது இவ்விதிகளை விவாதிக்கும் பக்கங்கள் படிக்கச் சுவையானவை. கொதிநீரில் மூழ்க வைக்க முடியாத அளவு பெரிய அண்டாவை என்ன செய்வது? ராவ் அகாவ்யா என்பவர் வீட்டில் இந்தச் சிக்கல் எழுந்தது. அவர் பிசைந்த மாவை எடுத்து அண்டாவின் விளிம்பைச் சுற்றி வரப்புப்போல் கட்டினார். நீரை விளிம்புக்கு மேலும் நிற்குமாறு நிரப்பிக் கொதிக்க வைத்தார். விளிம்பும் கொதிநீருக்குள் வந்துவிட்டது. இதைக் கேட்ட ராவா என்னும் பெரும் அறிஞர், இப்படிச் செய்யும் அறிவு வேறு யாருக்கு வரும் என்று வியந்தார். அடுப்படியில் நின்று பழகியவர்தாம் இத்தகைய தீர்வைக் கண்டிருக்க இயலும் என்பது என் எண்ணம்.

இன்னொரு நிகழ்வு பாரசீக அரசர் ஷாப்பூரின் அவையில் நடக்கிறது. மார் யூதா, பாட்டி பார் தோபி என்னும் இரு யூதர்கள் அவர் முன் அமர்ந்திருக்கின்றனர். (இங்கே பாட்டி என்பது ஆண்பாற் பெயர், மாணவர்களுக்குச் சொல்லும்போது சிரிப்பு எழும்.) நாரத்தை இனப் பழம் ஒன்று வருகிறது. அரசர் அதை வெட்டித் தாம் உண்டார். வெட்டிப் பாட்டிக்குக் கொடுத்தார். பிறகு கத்தியைப் பத்து முறை மண்ணில் குத்தி எடுத்து, அதன்பின் வெட்டி மார் யூதாவுக்குக் கொடுத்தார். நான் யூதன் இல்லையா என்று பாட்டி கேட்டபோது, அவர் விதிகளைப் பேணுபவர் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும், உம்மைப் பற்றி அந்த உறுதி இல்லை என்றார் அரசர். கத்தி சூடேறாத கருவி. ஆகவே மேற்பரப்பைத் தூய்மை செய்தாலே குளிர்ந்த உணவுக்குப் போதும் என்பது இதிலுள்ள சட்ட நுட்பம். வேற்றுச் சமயத்து அரசர் ஒருவர் தம் விருந்தினரின் விதியை இத்தனை நுணுக்கமாக அறிந்திருந்தார் என்பதே எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

இனி நம் சட்டிக்கு நெருங்கி வருவோம். இரும்பை எவ்வளவு நேரம் நெருப்பில் காய்ச்ச வேண்டும் என்ற வினா அதே பக்கங்களில் எழுகிறது. அதன் தோல் உரிந்து விழும் வரை என்று ராவ் மானி விடை சொல்கிறார். எருசலேம் தல்மூதோ, தீப்பொறி பறக்க வேண்டும் என்கிறது. தோல் என்று ராவ் மானி சொன்னது இரும்பின் மேல் படிந்து கருகும் ஏட்டை. அவர் காலத்தில் அது நீக்க வேண்டிய அழுக்கு மட்டுமே. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு சட்டிக்கு அந்தத் தோலே உயிராக அமையப்போகிறது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

அக்காலத்து மேற்கு ஆசியாவில் இரும்பு, சம்மட்டியால் அடித்து உருவாக்கப்பட்டது. இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் கலையைச் சீனர்கள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டளவிலேயே அறிந்திருந்தனர். ஐரோப்பாவுக்கு அது வெகு காலம் கழித்தே வந்தது. ஏழை வீட்டுக்கும் வார்ப்பிரும்புப் பானை எட்டும் காலம் இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பியுடன் தொடங்கிற்று. மணல் அச்சில் மெல்லிய இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்கு அவர் 1707-இல் காப்புரிமை பெற்றார். 1709-இல் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் கற்கரியால் இரும்பை உருக்கிக் காட்டினார். வெண்கலப் பானையைவிட மலிவான இரும்புப் பானை சந்தையை நிறைத்தது.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு கரி இருக்கிறது. அக்கரி உள்ளே மெல்லிய செதில்களாகப் படிந்திருப்பதால் இரும்பு கடினமாக இருந்தாலும் வளையாது. தவறி விழுந்தால் உடையும். ஒருபுறம் மட்டும் கடுஞ்சூடு ஏறினாலும், சூட்டில் இருக்கும்போது குளிர்நீர் பட்டாலும் விரிசல் விடும். ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும். இத்தனை குறைகளையும் ஈடுகட்டுவது எண்ணெய். சூடேறிய இரும்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இறுகி, கருத்துப் பளபளக்கும் படலமாகிறது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோசைக்கல்லைப் பழக்குகிறோம் அல்லவா, அதுவேதான். புதுக்கல்லில் தோசை ஒட்டும். பழகிய கல்லில் விரல் நுனியால் எடுக்கலாம். பழகிய கல்லை அம்மா எவரிடமும் இரவல் கொடுக்கமாட்டார்.

இப்போது சிக்கல் புலப்படும். அந்தப் படலம் சமைத்த கொழுப்பால் ஆனது. இரும்பு உள்ளே வாங்கியிருக்கிறதா, எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று அறிவியல் வழியில் வாதிடலாம். ஆனால் மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியும் பழைய எண்ணெய். அது பன்றிக்கொழுப்பாக இருந்தால்?

அமெரிக்காவில் அது பெரும்பாலும் பன்றிக்கொழுப்பாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சமையலின் அன்றாடக் கொழுப்பு அதுதான். இரும்புச் சட்டியைப் பழக்குவதற்கும் அதையே தடவினர். பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகரில் கிரிஸ்வோல்ட், ஒகையோ மாநிலத்து சிட்னி நகரில் வேக்னர், 1896-இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கப்பட்ட லாட்ஜ் எனச் சட்டி வார்க்கும் நிறுவனங்கள் பெருகிய அதே காலத்தில்தான், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கான யூதர்கள் கப்பலேறி அந்நாட்டுக்கு வந்தனர். கடையில் சட்டி மலிவு. ஆனால் அண்டை வீட்டார் அன்போடு தந்த பழைய சட்டியை ஏற்க முடியாது. 1911-இல் பருத்திவிதை எண்ணெயை இறுகச் செய்து 'கிரிஸ்கோ' என்னும் தாவரக் கொழுப்பு விற்பனைக்கு வந்தது. அது இறைச்சியும் அன்று, பாலும் அன்று. ஆகவே எதனோடும் சேரும். அந்நிறுவனம் யூத இல்லத்தரசிகளை நோக்கித் தனியே விளம்பரம் செய்தது. 1933-இல் இத்திஷ் மொழியிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு சமையல் நூலையே வெளியிட்டது. இரும்புச் சட்டியைப் பழக்குவோர் பலர் இன்றும் கிரிஸ்கோவைத் தேடி வாங்குகின்றனர்.

புதுச்சட்டிக்கு வழி பிறந்தது. பழைய சட்டிக்கு?

இதற்கு விடை காண மீண்டும் நூல்களிடம் செல்ல வேண்டும். ஜோசப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் ஆருக்' 1565-இல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. 'விரித்து வைத்த உணவு மேசை' என்பது அப்பெயரின் பொருள். போலந்தின் கிராக்கோவ் நகரத்து மோசே இசர்லெஸ் அதற்குத் தம் பகுதி வழக்கங்களைக் குறிப்புகளாகச் சேர்த்தார். அக்குறிப்புகளுக்கு 'மேசை விரிப்பு' என்று பெயர். மேசை போட்டவர் ஒருவர், விரிப்புப் போட்டவர் ஒருவர்! பாஸ்கா விழாவுக்காகப் பாத்திரங்களைத் தகுதிப்படுத்தும் பகுதியில் இவர்கள் எண்ணெயிட்டுப் பொரிக்கும் சட்டியை எடுத்துக்கொள்கின்றனர். எண்ணெய் ஒரு நீர்மம், எனவே கொதிநீர் போதும் என்கிறார் காரோ. இலகுவான லிபுன் வேண்டும் என்போரும் உளர் என்று இசர்லெஸ் சேர்க்கிறார். இலகுவான லிபுனை எபிரேயத்தில் 'லிபுன் கல்' என்பர். (அந்தக் 'கல்' நம் தோசைக்கல் அன்று, இலேசானது என்று பொருள்.) சட்டியின் வெளிப்புறத்தில் ஒரு வைக்கோலை வைத்தால் அது கருகும் அளவுக்குச் சூடு இருந்தால் போதும். வெப்பமானி இல்லாத காலத்தில் எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. இன்று வைக்கோலுக்குப் பதில் காகிதத்தை வைத்துப் பார்க்கின்றனர்.

கொதிநீர் முறைக்கு முன் சட்டியை நன்கு துலக்கி, 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைக்க வேண்டும். ஒருநாள் கடந்தால் உள்ளே ஏறிய சுவை கெட்டுவிடுகிறது. கெட்ட சுவைக்கு விலக்கும் வலிமை குறைவு என்பது தல்மூதின் கருத்து. துரு இருந்தால் அதை முன்னரே நீக்க வேண்டும். வார்ப்பிரும்போ கொதிநீரிலிருந்து எடுத்த சிறிது நேரத்திலேயே துருப்பிடிக்கும். மேலும், பன்றிக்கொழுப்பால் பழகிய படலம் கொதிநீரில் கரையாது. ஆகவே விலக்கப்பட்ட உணவைச் சமைத்த வார்ப்பிரும்புச் சட்டிக்கு, தோல் உரியும் வரை காய்ச்சுவது என்ற ராவ் மானியின் அளவுதான் பொருந்துகிறது. முன்பு இதற்கு கொல்லனின் உலை தேவைப்பட்டது. 1963-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தன்னைத்தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும் மின்னடுப்பை வெளியிட்டது. பூட்டிய அடுப்புக்குள் வெப்பம் ஏறத்தாழ 480 டிகிரி செல்சியசை எட்டும். உள்ளே சிந்தியவை சாம்பலாகும். அவ்வெப்பத்தைப் பல ராபிகள் லிபுனாக ஏற்றுக்கொண்டனர். அடுப்பைத் துடைக்கச் செய்த கருவி, சட்டியைத் தகுதிப்படுத்தும் உலையாயிற்று.

சட்டியை உள்ளே வைத்து, சில மணி நேரம் கழித்துத் திறந்தால், கரும்பளபளப்பு இருக்காது. சாம்பல் நிறத்தில், ஆங்காங்கே செந்துருப் பூத்து, வார்ப்புச்சாலையிலிருந்து அன்று வந்ததுபோல் கிடக்கும். தானாக ஆறும் வரை தொடக் கூடாது. அவசரப்பட்டு நீரூற்றினால் விரிசல் விடும். கைச்சுடரால் ஓரிடத்தை மட்டும் காய்ச்சினாலும் அதே ஆபத்து உண்டு. முன்பே மயிரிழை விரிசல் உள்ள பழஞ்சட்டிகள் அடுப்புக்குள்ளேயே உடைவதும் உண்டு.

இதோடு முடியவில்லை. யூதர் அல்லாதவரிடம் வாங்கிய உலோகப் பாத்திரத்தை, அது புத்தம்புதியதாயினும், உணவுக்குப் பயன்படுத்துமுன் இயற்கை நீரில் முழுக்க வேண்டும். இதற்கென 'மிக்வே' என்னும் நீர்த்தொட்டி உண்டு, கடலும் ஏற்றதே. நெருப்பில் காய்ச்சிய பழைய பாத்திரம் புதியதற்கு நிகராகியும் அதற்கு நீர்முழுக்கு உண்டு, ஆகவே புதிய பாத்திரத்திற்கும் அது உண்டு என்று தல்மூதில் ஒருவர் வாதிடுகிறார். அப்படியானால் ஆட்டுமயிர் கத்தரிக்கும் கருவியையும் முழுக்க வேண்டுமா என்று இன்னொருவர் மடக்குகிறார். இல்லை, உணவுக்குரியவற்றை மட்டுமே என்று முடிகிறது விவாதம். வார்ப்பிரும்பை முழுக்கியதும் உடனே துடைத்து அடுப்பேற்ற வேண்டும். தாமதித்தால் துரு.

இவை யாவும் அக்கால மக்களின் சுகாதார ஏற்பாடுகள் என்று சில நூல்கள் எழுதிவிடுகின்றன. ஆசிரியர்கள் இவ்விளக்கத்தை மாணவர்களிடம் சொல்லாதிருப்பது நல்லது. சுகாதாரம்தான் நோக்கம் என்றால், கடையிலிருந்து வந்த புதுச்சட்டியை ஏன் முழுக்க வேண்டும்? இறைவனுக்கென்றே படைத்த பலியைச் சமைத்த மண்பானையை ஏன் உடைக்க வேண்டும்? நம் நாட்டு மாணவர்கள் நன்கறிந்த இஸ்லாமியச் 'செர்த்து' முறையோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஷாஃபிஈ மரபில், பன்றி தொட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால். அங்கே நீக்கப்படுவது ஒட்டிய அசுத்தம். இங்கே வெளியேற்றப்படுவது உள்ளே ஏறிய சுவை. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள்.

கோஷர் விதிகளைப் பேணாத குடும்பத்தில் பிறந்து, வளர்ந்த பின் அவற்றை மேற்கொள்ளும் யூதர்கள் இன்று பலர் உள்ளனர். பாட்டியின் இரும்புச் சட்டி அவர்களுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது ஐம்பது ஆண்டுக் காலை உணவு அதன் மேல் படலமாக இருக்கிறது. உற்றார் அதைப் பெருமையாகச் சொல்வர். புதுச்சட்டியில் அந்தப் பக்குவம் வராது என்பர். சட்டம் கேட்பதோ அந்தப் படலத்தைத்தான். இரும்பை அல்ல. மண்சட்டியாக இருந்திருந்தால் முழுவதையும் கேட்டிருக்கும்.

அந்த மாணவிக்கு இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அந்தப் பாட்டியின் சட்டியில் மறுபடியும் முதல் தோசை ஒட்டுமா?" என்று கேட்டாள். ஒட்டும் என்றேன். கோஷர் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, சட்டியைக் கவிழ்த்துச் சூடேற்றி, ஆறவிட்டு, இதையே நான்கைந்து முறை செய்த பிறகும் ஒட்டும். முதலில் முட்டையைப் பொரிக்கக் கூடாது. நிறைய எண்ணெய் விட்டு வெங்காயம் வதக்க வேண்டும். பிறகு உருளைக்கிழங்கு. சில வாரங்கள் சென்றபின் முட்டை.